பதினைந்து குண்டும் சாதிக் மாமாவின் தாடியும்

பிள்ளைகளா, வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால் போதும், நீங்கள் இரண்டு பேரும் "அப்பா, குண்டு தீந்துடுச்சு!" என்று கத்துகிறீர்கள். உங்கள் அம்மாவும் சேர்ந்துகொள்கிறாள். அந்தக் கதையைச் சாதிக் மாமா உங்களுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதியில் நான் கொஞ்சம் அசிங்கமாகத் தெரிவேன் என்று விட்டிருப்பார். பரவாயில்லை, நானே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஐ.டி.ஐ. முடித்து, சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் டிரெய்னி. இருங்காட்டுக்கோட்டையில் ரூம். ரூமில் கூட இருந்தவன் காயல்பட்டினத்துச் சாதிக். ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஒரே சோப்பு.

தீவிரவாதிப் படம் எது வந்தாலும் முதல் வாரமே போய்விடுவேன். ரசிக்க அல்ல, தப்புக் கண்டுபிடிக்க. எங்கள் கேட் செக்யூரிட்டி பட்டாளத்தில் இருந்தவர். கைத்துப்பாக்கியில் சுமார் பதினைந்து குண்டுதான் பிடிக்கும், அப்புறம் குண்டு அடைத்த மேகசினை மாற்றணும் என்று ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார். அன்றோடு நான் நிபுணன். ஹீரோ சுடச் சுட விரல் விட்டு எண்ணுவேன்.

"முப்பத்தெட்டு! அது துப்பாக்கியா, தண்ணி லாரியா?"

"யோவ், படத்தைப் பாக்க வுடுய்யா!" என்று முன் சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார். (எனக்கு அது கைதட்டல் மாதிரி.)

அந்த வருடம் கம்பெனியில் பாதுகாப்பு வாரம். "தீவிரவாதி உள்ளே புகுந்தா என்ன செய்யணும்னு யாராவது நாடகம் போடுறீங்களா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். மூளை யோசிக்கும் முன்பே என் கை உயர்ந்துவிட்டது. கதை, வசனம், இயக்கம், கமாண்டோ வேஷம் எல்லாம் நானே. வெளியே வெல்டிங் கடையில் பைப்பை வெட்டித் துப்பாக்கி செய்தேன். மேகசின்கூடக் கழன்று மாட்டும். திரைக்குப் பின்னால் ஒருவர் காலி பெயிண்ட் டப்பாவைத் தட்டுவார். ஒரு தட்டு, ஒரு குண்டு.

வசன நோட்டைச் சாதிக்கிடம் நீட்டினேன். "ஏலே, தீவிரவாதி நீதான்."

"நான் ஏம்ல?"

"தாடி ரெடியா இருக்குல்லா!"

பெரிய கண்டுபிடிப்பு போலச் சொன்னேன். அவன் நோட்டைப் புரட்டினான். "பேரு காசிம்னு போட்டிருக்க?"

"எங்கயோ கேட்ட பேரு மாதிரி இருந்துச்சு. வில்லனுக்குப் பொருத்தமா இல்ல?"

"எங்க வாப்பா பேருல அது. மாசாமாசம் உனக்குன்னு தனி பாட்டில்ல மாசிக் கருவாட்டுப்பொடி குடுத்து விடுதாருல்லா, அவரு பேரு."

அந்த இடத்தில் மனுஷன் என்ன செய்திருக்கணும்? மன்னிப்புக் கேட்டிருக்கணும். நான் சொன்னேன்: "சும்மா நாடகம்தானலே. துப்பாக்கியைப் பாரு, எவ்வளவு தத்ரூபமா இருக்கு!"

"துப்பாக்கி தத்ரூபமாத்தான் இருக்கு. ரெண்டு வருசமா பக்கத்துப் பாயில படுத்திருக்க. என்னைப் பாத்து என்னைக்காவது பயந்தியால? சரி, நாடகம் முடியட்டும். நான் வேற ரூம் பாத்துக்கிடுதேன்."

 அப்போதும் நான் பேரை மாற்றவில்லை. எல்லாப் படத்திலும் வில்லனுக்கு அப்படித்தானே பேர் வைக்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குண்டை எண்ணத் தெரிந்தவனுக்கு இதை எண்ணத் தெரியவில்லை.

நாடகத்தன்று கேன்டீன் நிறைந்துவிட்டது. முன் வரிசையில் ஹெச்.ஆர். மேனேஜர். நான் மைக்கைப் பிடித்து, "இந்த நாடகத்துல சினிமா மாதிரி ஏமாத்து கிடையாது. பதினஞ்சு குண்டுதான். நீங்களே எண்ணிக்கலாம்!" என்றேன்.

சாதிக் மேடைக்கு வந்தான். முகத்தில் தாடி இல்லை. மழித்துவிட்டு, என் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"அசையாதீங்க! நான்தான் தீவிரவாதி. பேரு முருகேசன், ஊரு சங்கரன்கோவில்!"

முருகேசன் நான்தானே! கேன்டீன் இடிந்து விழுகிற சிரிப்பு. அடுத்து அவன் கோரிக்கை வைத்தான். (என் நோட்டில் தீவிரவாதிக்குக் கோரிக்கையே இல்லை. படங்களில் வருவதுபோல வாட்சைப் பார்த்துச் சிரிப்பான், அவ்வளவுதான்.) "சாம்பார்ல பருப்பு வேணும்! பஸ்ஸுல ஃபேன் வேணும்! ஓவர்டைம்னா முந்தின நாளே சொல்லணும்!" எல்லாம் ரூமில் நான் தினமும் புலம்புவது. ஒவ்வொன்றுக்கும் விசில் பறந்தது.

பதறிப்போய் நான் சுட ஆரம்பித்தேன். அவன் மேஜைக்குப் பின்னால் பதுங்கினான். டப்பா அதிர்ந்தது, கூட்டம் எண்ணியது. "பதிமூணு... பதினாலு... பதினஞ்சு!" அடுத்த மேகசினுக்குப் பையில் கை விட்டேன். கமாண்டோ பேன்ட் மாற்றும்போது, அது என் பழைய பேன்ட்டோடு லாக்கருக்குப் போயிருந்தது.

"இன்னா கமாண்டோ, குண்டு தீந்துடுச்சு! கையைத் தூக்கு!" என்று எங்களோடு வேலை பார்த்த சேரப்பணஞ்சேரி ஏழுமலை அண்ணன் கத்தினார். கேன்டீனே சேர்ந்து கத்தியது. தூக்கினேன். இந்தியாவிலேயே தீவிரவாதியிடம் சரணடைந்த முதல் கமாண்டோ நானாகத்தான் இருப்பேன்.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்த டிமாண்டை எல்லாம் எழுதினது யாரு?"

சாதிக் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். "நான்தான் சார். வசனம் பூரா என்னுது."

மெமோ வந்தது. என்னை நிரந்தரமாக்குவது ஆறு மாதம் தள்ளிப்போனது. அன்று திரும்பும்போது பஸ்ஸில் சாதிக் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தான். "டைரக்டரே, பொய் நல்லா வருது உனக்கு," என்றான். வேற ரூம் பார்த்தாச்சா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. 

மறுநாள் அவனுக்கு மத்தியான ஷிப்ட். அவன் கிளம்பியதும் ரூம் கதவைச் சாத்தினேன். நோட்டை எடுத்துக் காசிம் என்று எழுதிய இடத்தையெல்லாம் பேனாவால் அடித்தேன். பதினேழு இடம். அப்புறம் காலியாகக் கிடந்த மாசிப்பொடி பாட்டிலைக் கழுவித் துடைத்து, என் அம்மா கொடுத்துவிட்ட பருப்புப்பொடியை அதில் கழுத்து வரை நிரப்பினேன். மேலே ஒரு காகிதம் ஒட்டி, என்னால் முடிந்த அழகான கையெழுத்தில், 'காசிம் வாப்பாவுக்கு' என்று எழுதி, சாதிக் ஊருக்குக் கொண்டுபோகும் பைக்குள் வைத்தேன்.