முறை மாற்றக் கூடாத வேலை

திருத்தணி,
துர்முகி வருஷம், ஆடி மாதம் 28

அரக்கோணம் ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கும் மகாராஜராஜஸ்ரீ மச்சினர் வெங்கடசுப்பிரமணியன் அவர்களுக்கு, சேஷகிரி அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம் என்று எழுதக் கை தானாக ஓடுகிறது. ஆனால் உங்கள் தங்கை காமு க்ஷேமம் என்று சொல்ல நர்ஸ் அன்னம்மாள் இன்னும் உத்தரவு தரவில்லை.

டைபாய்டு என்று காமுவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது உங்களுக்குத் தெரியும். இருபது கட்டிலுக்கு ஒரே நர்ஸ். அந்தப் பெண் ஓடுவதில்லை, கத்துவதில்லை. ஊசியையும் மருந்தையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, கூட இருப்பவர்களில் யாரால் எது முடியும் என்று எடைபோட்டு மற்ற வேலைகளைப் பிரித்துக் கொடுக்கிறாள். எனக்கு வந்தது மணிக்கு இரண்டு ஸ்பூன் பார்லித் தண்ணீர். வேறு எதுவும் காமுவின் தொண்டையில் இறங்கக் கூடாது. முப்பது வருஷமாக மலைமேல் மடைப்பள்ளியில் வாயில் வைத்துப் பார்க்காமலே சுவாமி நைவேத்தியத்துக்கு உப்புப் போடுகிறவன் நான். என்னை எதிரில் நிற்க வைத்து மூன்று தடவை ஸ்பூன் பிடித்துக் காட்டச் சொன்னாள்! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கோச்சுக்காதீங்க. கொடலு முழுக்கப் புண்ணுங்க. கெட்டியா ஒரு வாய் போனாலும் ஓட்டை வுழுந்துடும். அப்பால யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். கோபம் போய்ப் பயம் வந்தது.

இப்படியிருக்க, ஆடிக் கிருத்திகை வந்தது, மலைமேல் என் முறை. எங்கள் மடைப்பள்ளி வழக்கம் உங்களுக்குத் தெரியும். முறைக்காரனுக்கு வர முடியாவிட்டால் பங்காளி வந்து நிற்பான், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதே ஞாபகத்தில் என் பெரியப்பா பிள்ளை கிட்டுவை ஸ்பூனோடு உட்கார வைத்துவிட்டு மலையேறினேன். கிட்டுவுக்கு வெற்றிலை இல்லாமல் கால்மணி ஓடாது. பக்கத்துக் கட்டிலில் தாயாரைப் போட்டிருக்கும் பொதட்டூர்பேட்டை நெசவாளி எல்லப்பனிடம் "பாத்துக்கோப்பா" என்று முறையை மாற்றிவிட்டுக் கடைக்குப் போனான். எதைப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை. கட்டிலடியில் எந்தப் புண்ணியவானோ ஒரு தூக்குச் சட்டி சர்க்கரைப் பொங்கல் வைத்திருக்கிறான். பதினெட்டு நாள் பட்டினி கிடந்தவள் கேட்டாள். எல்லப்பன் இளகிய மனசுக்காரன், உருட்டிக் கையில் கொடுத்துவிட்டான். நான் திரும்பி வந்து வாசலில் கால் வைக்கிறேன், உருண்டை உதட்டுக்குப் போகிறது, எங்கிருந்தோ வந்த அன்னம்மாள் கையைப் பிடித்துவிட்டாள். ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. எனக்குத்தான் உயிர் போய் வந்தது.

"உங்களுக்குத்தானேங்க சொல்லிக் குடுத்தேன்? யாரைக் கேட்டுகினு மாத்தி வுட்டீங்க?" என்றாள். நான் கிட்டுவைக் காட்டினேன். கிட்டு எல்லப்பனைக் காட்டினான். "இந்த அம்மா கேட்டுகினே இருந்துச்சுங்க, பாவமா இருந்துது" என்று எல்லப்பன் அழுதான். அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். மடைப்பள்ளியில் சாதம் அடிப்பிடித்தால் பழி மேலிருந்து இறங்கி இறங்கி, விறகு சுமக்கிற முனியன் தலையில் போய்த்தான் உட்காரும். இவளோ, "தப்பு என்னுதுங்க டாக்டர். வேலையத்தான் இவருகிட்ட குடுத்தேன், பொறுப்பு என்னுதுதான். வேற ஆளுக்கு மாத்தக் கூடாதுன்னு நான் சொல்லாம வுட்டுட்டேன்" என்றாள். வார்டே கேட்க டாக்டர் திட்டினார். வாங்கிக்கொண்டாள். என்னைத் துரத்துவாள் என்று நின்றேன். "எழுந்து போவணும்னா என் கையில குடுத்துட்டுப் போங்க" என்று ஸ்பூனைத் திரும்ப என்னிடமே கொடுத்தாள். முப்பது வயசுகூட இராது. கும்பிடலாம் போலிருந்தது.

இப்போது ஜுரம் விட்டுவிட்டது. தணிகைவேலன் அருளும் அன்னம்மாள் அதட்டலும் இருக்க, நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை. மன்னிக்கு நமஸ்காரம். குழந்தைகள் நூறு வயசு இருக்கட்டும்.

இப்படிக்கு,
சேஷகிரி

பின்குறிப்பு: 'எந்தப் புண்ணியவானோ' என்று எழுதியது பொய். காமு ஏங்குகிறாளே என்று அன்று விடிகாலையில் அந்தத் தூக்கைக் கொண்டுவந்து வைத்தவன் நான்தான். தூக்கில் என் பெயர் வெட்டியிருக்கிறது, அன்னம்மாள் அதைப் படித்தாள், டாக்டரிடம் மூச்சு விடவில்லை. நாளைக் காலை நானே அவரிடம் சொல்லப்போகிறேன். என்னை வெளியே அனுப்பினாலும் அனுப்புவார். ஆகையால் முதல் வண்டியிலேயே புறப்பட்டு வாருங்கள். வந்ததும் ஸ்பூனைத் தொடாதீர்கள், முதலில் அன்னம்மாளைப் பாருங்கள்.