சுருங்கும் என்று கூட்டி வைத்த வேகம்

குதிரை கூரையைத் தாண்டிப் பறந்து ஏரிக்குள் போய் விழுந்த பிறகுதான், அளவைக் கொஞ்சம் தாராளமாக விட்டுவிட்டோமோ என்று தையல்காரருக்குப் பட்டது.

குதிரை அவருடையது அல்ல, அவர் மனைவியுடையது. மனைவியும் நிஜக் குதிரை வளர்ப்பவள் அல்ல. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க நின்றபடியே ஊசி குத்துகிறவள். சாயங்காலம் வீடு திரும்பி, முகம் கழுவிக் கணினி முன்னால் உட்கார்ந்தால் அவளுக்கென்று ஒரு நாடே இருந்தது. மகள் வேலைக்காக வெளியூர் போகும்போது வாங்கிப் போட்டுக் கொடுத்த விளையாட்டு அது. அந்த நாட்டில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மற்றவர்கள் கோட்டைகளைப் பிடித்தார்கள். அவள் ஆடு வளர்த்தாள். கம்பளியைக் குதிரைமேல் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு, ஏரிக்கரையில் தானே கட்டிய வீட்டுக்குத் திரும்பி வருவாள்.

அந்த வீட்டைப் பற்றிப் பேசினால் அவள் குரலே மாறும். அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், அதில் ஒரு கழிவுநீர்க் குழாய். ஏரி வீட்டின் ஜன்னலைத் திறந்தால் தண்ணீர், அதற்கப்பால் மலை. அந்த ஜன்னலைச் சரியான இடத்தில் வைப்பதற்காகச் சுவரை எத்தனையோ தடவை இடித்துக் கட்டியிருந்தாள்.

குறை என்றால் குதிரைதான். சந்தையிலிருந்து ஏரிக்கு ஒரே சாலை. கிளப்பிவிட்டால் தானாக நடந்து வந்துவிடும். ஆனால் பல் பிடுங்கப் போகிறவரைப்போல ஒவ்வோர் அடியையும் யோசித்து யோசித்துத்தான் வைக்கும்.

தையல்காரர் தேநீரும் கையுமாகப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவார். ஒரு குதிரையின் பின்பக்கத்தை எவ்வளவு நேரம் சும்மா பார்ப்பது? இடுப்பளவை வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லிவிட்டுப் பிறகு சண்டைக்கு வந்த வக்கீல், இரட்டையர்களுக்குத் தைத்த சட்டையில் ஒன்று மட்டும் பிடிக்கிறது என்று சாதித்த அம்மாள் என்று கடையில் நடந்ததை எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார். மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் 'ம்' கொட்டுவாள்.

"இன்னுமா போய்ச் சேரல?" என்று நடுநடுவே கேட்பார்.

"தோ, பாலம் வந்துடுச்சுங்க. வீடு வந்ததும் எந்திரிச்சிடறேன்."

குதிரை கொட்டகைக்குள் நுழைந்ததும், வக்கீல் கதை பாதியில் நின்றாலும் சரி, அப்பாடா என்று எழுந்துவிடுவார். இந்தக் குதிரையால் மாலைப்பொழுதே பாழாகிறது என்பது அவருடைய தீர்மானமான கருத்து.

கால்சட்டையைச் சின்னதாக்க வந்த ஒரு கல்லூரி ஆசிரியர்தான் திரியைக் கொளுத்திப் போட்டார். இந்த மாதிரி விளையாட்டுகளில் எல்லாமே ஒரு கோப்பில் எண்களாக இருக்கும், திறந்து எண்ணை மாற்றினால் தீர்ந்தது, நீங்கள் செய்வதைப்போல அதுவும் ஒரு ஆல்ட்ரேஷன்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆல்ட்ரேஷன் என்ற சொல் காதில் விழுந்த பிறகு தையல்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. மத்தியானமே கடையைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கோப்பு கிடைத்தது. வரிக்கு ஒரு பெயர், பக்கத்தில் ஓர் எண். மனிதர் நடை, ஒன்று. ஆட்டின் நடை, ஒன்று. காற்று, ஒன்று. குதிரைக்கு மட்டும் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு. துணியில் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறான் என்று கம்பெனிக்காரனைத் திட்டி முணுமுணுத்தார்.

அங்கே ஒன்று என்று போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் தொழில் பழக்கம் விடவில்லை. புதுத் துணி துவைத்தால் சுருங்கும். அதற்கென்று கூட்டித்தான் அவர் எதையும் வெட்டுவார். ஓடி ஓடிச் சுருங்கினாலும் கடைசியில் ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பத்து என்று அடித்தார்.

ஏரிக்குள் விழுந்த குதிரை பத்திரமாக வெளியே வந்தது. வந்த வேகத்தில் மலை உச்சியில் போய் நின்றது.

பறக்கிறது என்றால் அடியில் கனம் போதவில்லை என்று அர்த்தம். திரைச்சீலை பறந்தால் கீழ்மடிப்பில் ஈயக் குண்டு வைத்துத் தைப்பதில்லையா? 'எடை' என்று ஒரு வரி இருந்தது. கூட்டினார். குதிரை மரியாதையாக இறங்கி வந்தது. ஆனால் அந்த வரி குதிரைக்கு மட்டும் உரியது அல்ல என்பது ஆடுகளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எல்லா ஆடுகளும் முதுகுவரை மண்ணில் இறங்கி, கம்பளம் விரித்ததுபோலக் கிடந்தன. பாலம் நடுவில் தொய்ந்தது. வீட்டின் ஏரிப்பக்கச் சுவர் ஜன்னலோடு சேர்ந்து சாய்ந்து நின்றது.

திரையின் ஓரத்தில் 'சேமிக்கப்பட்டது' என்று ஒரு வரி வந்து மறைந்தது. அவர் எதையும் சேமிக்கச் சொல்லவில்லை. அது தானாகவே சேமித்துக்கொள்கிற ரகம்.

எதிர்வரிசையில் செல்போன் பழுது பார்ப்பவருக்குத் தெருவில் 'டாக்டர்' என்று பெயர். செத்த போன்களை எழுப்பிவிடுவார் என்பதால் வந்த பட்டம். எழுந்த போன்கள் அப்புறம் எவ்வளவு காலம் இருந்தன என்று யாரும் விசாரிப்பதில்லை. தையல்காரர் கூப்பிட்டதும் வந்தார். நாடி பிடிப்பதுபோல மவுஸின்மேல் கை வைத்தார்.

"மாத்தறதுக்கு முன்னாடி கோப்ப ஒரு காப்பி எடுத்து வச்சிருப்பீங்களேண்ணே."

"வெட்டின துணிக்கு ஏதுப்பா காப்பி?"

டாக்டர் எடையைப் பழையபடி ஒன்றாக்கிப் பார்த்தார். புதைந்தது புதைந்ததுதான், எதுவும் எழுந்து வரவில்லை. அதற்கென்ன, புது ஆடுகளைப் பிறக்க வைத்துவிடலாம் என்று பிறப்பு வரிக்குப் போய்த் தாராளமாக ஓர் எண்ணைத் தட்டினார்.

ஆடுகள் பிறந்தன. வாசலில் பிறந்தன, கட்டில்மேல் பிறந்தன, கூரைமேல் பிறந்தன. பிறந்தவையும் உடனே ஈன்றன. கணினியின் காற்றாடி மாவு மில்லைப்போல இரைந்தது. தையல்காரர் திரையைப் பார்த்து, போதும் போதும் என்று கும்பிட்டார்.

"இதுக்கு இயற்கை வழிதான் சரிண்ணே. ஓநாய விடுவோம்."

ஓநாய்கள் காட்டிலிருந்து கம்பீரமாக வந்தன. வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டன. எங்கு பார்த்தாலும் ஆடு. திரும்பிப் போகலாமென்றால் பின்னாலும் ஆடு. நெரிசலில் ஒவ்வொன்றாக ஏரிக்குள் தள்ளப்பட்டன. தப்பித்த ஒன்று மட்டும் கூரைமேல் ஏறி உதவி கேட்டு ஊளையிட்டது. அந்த நெரிசலிலேயே சாய்ந்திருந்த சுவரும் ஜன்னலோடு தண்ணீருக்குள் போயிற்று.

சேமிக்கப்பட்டது.

கடையில் சூடேற்றும் கருவியை அணைக்காமல் வந்துவிட்டது டாக்டருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போகும்போது, நல்லா இருந்திச்சுண்ணே அந்த வீடு, என்று துக்கம் விசாரிக்கும் குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

தையல்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். மனைவி திட்டுவாள் என்ற பயமெல்லாம் அவருக்கு இல்லை. அவள் திட்டமாட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பரவால்லைங்க" என்று கணினியை அணைத்துவிட்டு, கழிவுநீர்க் குழாய் தெரிகிற ஜன்னலருகில் போய் நிற்பாள். அதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மகளுக்குப் போன் போட்டார். முதலிலேயே போட்டிருக்கலாம். ஆனால் தாயும் மகளும் ஒரு கட்சி, ஒருத்தி காதில் போட்டால் இன்னொருத்திக்குப் போய்விடும் என்றுதான் தள்ளிப்போட்டிருந்தார். அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு முழுவதையும் ஒப்பித்தார். மகள் ஓநாய் வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். கூரைமேல் ஊளை என்றதும் போனை எங்கேயோ வைத்துவிட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா, இனிமே எதையும் தொடாதீங்க. ரெண்டு கையையும் மடியில வச்சுக்கோங்க."

வைத்துக்கொண்டார். மகள் அவளுடைய ஊரிலிருந்தே கணினிக்குள் நுழைந்தாள். அம்புக்குறி தானாக நகர்ந்தது. அம்மாவின் நாட்டுக்கு அவள் அவ்வப்போது ஒரு நகல் எடுத்து வைப்பது வழக்கமாம். திரை இருண்டு, வெளுத்தது. வீடு நின்றது. ஆடுகள் எண்ணி விடுகிற அளவுக்கு மட்டும் மேய்ந்தன. ஜன்னல் அதன் இடத்தில் இருந்தது, அதற்கு வெளியே ஏரி, அதற்கப்பால் மலை. தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாலையில் குதிரை கம்பளி மூட்டையோடு, இடது காலை வைப்பதா வலது காலை வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குப் பழைய எரிச்சல் திரும்பி வந்தது.

"வந்ததே வந்துட்ட. அந்தக் குதிரைக்கு மட்டும் ஒண்ணுன்னு போட்டு விட்டுடும்மா. எனக்குப் பத்தெல்லாம் வேணாம்."

அம்புக்குறி நின்றது.

"வாங்கினப்போ அது ஒண்ணாத்தாம்ப்பா இருந்துச்சு, அம்மாதான் சொல்லிச் சொல்லி என்னைக் குறைக்க வச்சாங்க. குதிரை வீடு வந்து சேந்துட்டா, நீங்க பேச்ச அப்படியே பாதியில விட்டுட்டு எந்திரிச்சுப் போயிடறீங்களாம்."