மூன்று கொட்டேஷனும் ஓர் ஏக்கர் மக்காச்சோளமும்

உலகத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு காரியமும் செய்யாத மனிதர் எங்கள் ‘ஸ்டேட்மென்ட்’ சார் ஒருவர்தான். இதை நான் சத்தியம் செய்தே சொல்வேன். திருவனந்தபுரத்தில், பண்ணைகளுக்குக் கருவிகள் வாங்கித் தரும் ஓர் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் அவருக்குக் கீழே கிளார்க்காக இருந்து தலைமயிரைப் பறிகொடுத்தவன் நான்.

ஒரு மண்வெட்டி வாங்குவதென்றாலும் மூன்று கடைகளில் கொட்டேஷன் கேட்டு, கட்டம் போட்டு, ஒப்பிட்டு ஸ்டேட்மென்ட் எழுத வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். நாங்களெல்லாம் அந்தச் சட்டத்தை ஆபீசிலேயே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். சார் கூடவே எடுத்துக்கொண்டு போவார். ஒரு தடவை தலையின் இடப்பக்கத்தைக் கிழக்கேகோட்டையில் ஒரு கடையிலும் வலப்பக்கத்தைச் சாலை பஜாரில் ஒரு கடையிலும் வெட்டிக்கொண்டு வந்து, “எது தேவலை, சொல்லு” என்றார். நான் என்னத்தைச் சொல்ல? வாலிபத்தில் மூன்று பெண் பார்த்தாராம். ஸ்டேட்மென்ட் முடிவதற்குள் மூன்று பேருக்கும் கல்யாணமாகி, ஒருத்திக்கு வளைகாப்பே ஆகிவிட்டது. அதோடு கோட்டைக்குள் ஒரு வீட்டில் ஒண்டிக்கட்டையாகவே இருந்துவிட்டார்.

ரிட்டயரான பிறகு, பொன்முடி போகிற வழியில் ஓர் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளம் போட்டார். ஏன் சார் இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன்.

“ஊருக்கெல்லாம் அறுவடை மெஷின் வாங்கிக் குடுத்தேனே ஒழிய, ஒரு கதிர் என் கையால ஒடிச்சதில்லைடா. சாகறதுக்குள்ள ஒரே ஒரு அறுப்பு என்னோடதுன்னு பாத்துடணும்.”

எனக்குப் பாவமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடப் போக ஆரம்பித்தேன்.

சோளம் என்னவோ ஆளுயரத்துக்கு மேலே வளர்ந்தது. புரட்டாசிக் கடைசியில் தோல் காய்ந்து, கதிரெல்லாம் தயாராக நின்றது. வேலைக்கு வந்திருந்த தென்காசிக்காரி செல்லம்மா அரிவாளைத் தீட்டி வைத்திருந்தாள்.

“சாரே, நானும் நாலு பொம்பளைகளும் ரெண்டு நாள்ல ஒடிச்சு முடிச்சிருவோம். மழை வரப் போவுது, கேட்டோ.”

“இரு. கம்பேர் பண்ணிட்டுச் சொல்றேன்.”

போச்சு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

முதல் வாரம் பழைய முறை. செல்லம்மா ஒரு வரிசையை ஒடித்துக்கொண்டே போக, சார் குடையும் மொபைல் ஸ்டாப்வாட்சுமாகப் பின்னாலேயே போனார். அவள் தண்ணீர் குடித்த நேரத்தையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்தேன். பிறகு, கைப்பிடியைச் சுற்றி முத்து உதிர்க்கும் பழைய இரும்பு மெஷின் ஒன்று சாலை பஜாரிலிருந்து வந்தது. அதைச் சுற்றிச் சுற்றி என் தோள்பட்டை கழன்றுவிட்டது. “முத்து ஒண்ணும் உடையலை. நீதான் உடைஞ்சுட்டே. அதையும் எழுதிக்கோ” என்றார் சார்.

அடுத்த வாரம் புது முறை. கோவில்பட்டிப் பக்கமிருந்து கம்பைன் மெஷின் வரவழைத்தார். அறுத்து, தோலுரித்து, முத்தாகவே கொட்டிவிடுமாம். வீடு மாதிரி இருந்த அந்த மெஷின் வயலுக்குப் போகும் சந்து முனையோடு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டத்துக் கல்மதில். டிரைவர் இறங்கிப் பார்த்தான். “வயல வேணா ரோட்டுக்குக் கொண்டு வாங்க சார், அறுத்துத் தாறேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். சார் கோபப்படவில்லை. அந்தப் பதிலையும் கட்டத்தில் எழுதச் சொன்னார்.

மூன்றாவது கொட்டேஷன் இல்லாமல் எப்படி முடிவெடுப்பது? கோயம்புத்தூருக்கு ஒரு சின்ன மெஷின் கேட்டு மெயில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். செல்லம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“நீங்களாவது சொல்லப்பிடாதா? அந்த மனுசன் வெள்ளாம நாசமாப் போறதப் பாத்துக்கிட்டே நிக்கியளே.”

சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருஷமாக ‘யெஸ் சார்’ மட்டுமே சொல்லிப் பழகிய நாக்கு புரளவில்லை. இன்றைக்கும் என்னை அறுக்கிறது அது.

துலாவர்ஷம் என்று அங்கே சொல்லும் ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் கொட்டியது. ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து முழு ஏக்கரையும் முடித்திருந்தன. தட்டையைச் சாய்த்து, தோலை உரித்து, முத்தை உதிர்த்து, கம்பைன் செய்வதாகச் சொன்ன அத்தனை வேலையையும் டீசல் இல்லாமலே செய்திருந்தன. தப்பித்துக் கிடந்த நாலு கதிரிலும் முளை விட்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வழக்கம்போல நோட்டை விரித்தேன். “எழுதட்டுமா சார்?”

“வேண்டாம்” என்றார். கணுக்கால் வரை சேற்றில் நின்றபடி வயலையே பார்த்தார். “அவ சொன்ன அன்னைக்கே ஒரு கதிராவது நான் ஒடிச்சிருக்கணும், இல்லையாடா?”

கட்டமும் கொட்டேஷனும் இல்லாமல் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்தேன். வரப்பு முடிந்தது, சந்து முடிந்தது, கிழக்கேகோட்டை பஸ்ஸும் வந்து நின்றது. அந்தக் கையை விடத்தான் எனக்கு மனசு வரவில்லை.