சூலம் பார்த்து ரூம் போட்ட மனிதர்

கடலைப் படைத்தது கடவுள். அந்தக் கடலில் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் எங்கே படுக்க வேண்டும், இறங்கின நாள் எங்கே படுக்க வேண்டும் என்பதைக் கடவுள் யோசிக்கவில்லை. அந்த வேலையைத் திருப்பூரில் மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டிருந்த ஒரு மனிதரிடம் விட்டுவிட்டார். எங்கள் வீதியில் அவருக்குப் பெயர் ரூம்புக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். தைத்து வந்த துணியை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் கண்டுபிடித்து, அந்த இடத்தில் சின்னதாக அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. வேலையை விட்டார், ஸ்டிக்கரை விடவில்லை. ஊர்க்காரர்கள் வெளியூர் போனால் தங்குவதற்கு ரூம் ஏற்பாடு பண்ணும் தொழிலில் இறங்கினார். டிக்கெட் எடுத்துத் தரமாட்டார். "டிக்கெட் ஆரு வேணும்னாலும் எடுப்பாங்க. நம்முளுது ரூம்பு மட்டுந்தானுங்க" என்பார்.

போன் போட்டு ரூம் சொல்கிற ஆள் இல்லை அவர். நேரில் போவார். தலையணை உறையைத் திருப்பிப் போட்டுத் தையலை இழுத்துப் பார்ப்பார். துண்டை இரண்டு விரலால் தேய்த்து, "இது துண்டா, வேட்டி ஓரமா?" என்று கேட்பார். பாத்ரூம் தரையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குத்தவைத்துப் பார்ப்பார். மேனேஜரை வெளியே நிறுத்தி, "உங்க சம்சாரத்தோட சண்டை போடறாப்பல சத்தம் போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வார். காதில் விழுந்தால் ரூம் ரிஜெக்ட். அவர் போன பிறகு அந்த ரூமில் கொசுவலை, குழாய், கண்ணாடி, கதவு என்று எங்கே பார்த்தாலும் அம்புக்குறி இருக்கும்.

"ஒரு ரூமுக்கு இத்தனை பார்க்கணுமா சார்?" என்று ஒரு மேனேஜர் அழாக்குறையாகக் கேட்டாராம்.

"ஒரு பனியன்ல ஓட்டை இருந்தாக் கண்டெய்னரே திரும்பி வருமுங்க. மனுசனை அனுப்பறப்ப இன்னும் எத்தனை பாக்கோணும்?" என்றாராம் இவர்.

கப்பல் என்றால் அவருக்கு இரண்டு சட்டம். ரயில் தவறினால் இன்னொரு ரயில், கப்பல் தவறினால் கடல்தான். அதனால் முந்தின நாளே போய்ப் படுக்க வேண்டும். இது ஒன்று. இறங்கின உடனே வீட்டுக்கு ஓடி வரக்கூடாது என்பது இரண்டாவது. "கப்பலை உட்டு நாம எறங்கீருவோம். கப்பல் நம்மளை உட்டு எறங்க ஒரு ராத்திரி ஆகுமுங்க. கீழ்த்தளத்துல ரூம்பு போட்டு அதை எறக்கி உட்டுட்டுத்தான் ஊட்டுக்குப் போகோணும்." இதைக் கேட்காத குன்னத்தூர்க்காரர் ஒருவர் கப்பலில் இருந்து நேராகச் சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போனார். தரை ஆடுகிற நினைப்பில், பந்திக்கு நடந்தவர் அங்கே ஒரு தூணைக் கட்டிப்பிடித்து நின்றுவிட்டார். வாழ்நாளில் கள்ளையே மோந்து பார்க்காத மனிதர். சம்பந்தி வீட்டில் இன்றைக்கும் அவருக்கு மோர் ஊற்றும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆளைப் பார்த்தால் மட்டும் ஒரே மூச்சில் படித்துவிடுவேன். அப்படிப்பட்ட நானே இந்த மனிதரைப் பாதிதான் படித்திருந்தேன் என்பது, நானும் நங்கையும் கப்பல் போனபோதுதான் தெரிந்தது.

நங்கை என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா. நாங்கள் இருவரும் சேர்ந்துதான் தையல் யூனிட் நடத்துகிறோம். ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தும், கோயில் குளம் தவிர எங்கேயும் சேர்ந்து போனதில்லை. நங்கையின் மகன் பெங்களூரில் இருக்கிறான். அவன்தான் எங்கள் இரண்டு பேருக்கும் சென்னையிலிருந்து இலங்கைப் பக்கம் போய்வரும் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். இரண்டு பேருக்கும் ஒரே அறை. திங்கட்கிழமை ஏற வேண்டும், வெள்ளிக்கிழமை இறங்கலாம்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீதி முழுக்கச் சொன்னேன். காய்கறிக்காரியிடம் சொன்னேன். நூல் கொண்டுவரும் டெம்போக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை, இருந்தாலும் சொன்னேன்.

ஆனால் நங்கைக்குச் சூலம் பார்க்கும் பழக்கம் உண்டு. எந்தக் கிழமையில் எந்தத் திசைக்குப் பயணம் ஆகாது என்பது அவருக்கு மூச்சு மாதிரி. பிரசவ வலி எடுத்த அன்றைக்கு ஆஸ்பத்திரி சூலத் திசையில் இருக்கிறது என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தவர். மகன் அடுப்படியில்தான் பிறந்தான். அந்த மகன் எடுத்த டிக்கெட்டைப் பார்த்து நங்கை சொன்னார்:

"திங்கக்கெழமை கெழக்க சூலம். கடலு கெழக்கதானே இருக்குது? நா வரலை. நீ வேணும்னா போயிட்டு வா அம்முணி."

நான் மட்டும் போய் அந்த அறையில் யாரோடு சண்டை போடுவது? நேரே ரூம்புக்காரரிடம் போனேன். அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு திசைகாட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஞாயித்துக்கெழமை மேக்கதான் சூலம். அதனால அன்னிக்கே சென்னைக்குப் போயிருங்க. ஹார்பருக்கு நேர் தெக்க, திருவல்லிக்கேணியில ரூம்பு போட்டர்றேன். திங்கக்கெழமை அங்கிருந்து வடக்க பாத்துப் போறீங்க, வடக்க சூலமில்லை. கப்பலு தெக்க போகுது, தெக்கயும் சூலமில்லை. வெள்ளிக்கெழமை எறங்கறப்ப மேக்க சூலம், நம்மூரு மேக்க. அன்னிக்கு அங்கயே தங்கீட்டுச் சனிக்கெழமை பொறப்படுங்க. கப்பலும் ஒடம்பை உட்டு எறங்கியிருக்கும்."

மெதுவாகக் கேட்டேன். "ஏனுங்க, உங்களுக்குச் சூலத்துல நம்பிக்கை இருக்குதுங்களா?"

"எனக்கு எதுக்குங்க நம்பிக்கை? துணி வாங்கற பையர் செவப்புக் கலர் கேட்டா, எனக்குச் செவப்புப் புடிக்குமான்னா பாப்பாங்க? பெரியக்கா கேக்கற கலர்ல குடுக்கறதுதானுங்க நம்ம வேலை."

நங்கையை அவர் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் வந்து சொன்னதை நங்கை கேட்டார், விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை யூனிட்டுப் பெண்கள் எல்லாம் வீதி முனை வரை வந்து கையசைத்தார்கள். நான் மந்திரி மாதிரி கையசைத்தேன்.

திருவல்லிக்கேணியில் போய் இறங்கினால் ஓட்டல் வாசலில் நாதஸ்வரம். ஒரு கல்யாணக் கூட்டம் மொத்த ஓட்டலையும் பிடித்துக்கொண்டிருந்தது. "சாரிம்மா, எங்க இன்னொரு பிராஞ்ச்ல உங்களுக்கு இதைவிடப் பெரிய ரூம்" என்று சொல்லி, எங்களை ஒரு வண்டியில் ஏற்றி வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள். நான் ரூம்புக்காரருக்குப் போன் போட்டேன்.

"எந்த ஏரியாவுங்க?"

"புரசைவாக்கமுன்னு போர்டுல போட்டிருக்குதுங்க."

அவ்வளவுதான், போன் கட்டாகிவிட்டது.

காலையில் நங்கை ஜன்னலைத் திறந்தார். வெயில் முகத்தில் அடித்தது. இன்டர்காமில் கீழே இருந்தவரைக் கேட்டார். "ஏப்பா, ஹார்பரு எந்தப் பக்கம்?"

"சூரியன் தெரியுதேம்மா, நேரா அந்தப் பக்கம்தான்."

நங்கை போனை வைத்தார். கட்டிலில் ஏறிச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். "கெழக்கு. நா வரலை."

"தயிர் சாப்பிட்டுட்டுப் போனாச் சூலம் அண்டாதும்பாங்களேங்க. ஒரு கப்பு தயிர் வாங்கியாரட்டுமுங்களா?"

"தயிரெல்லாம் பஸ்ஸுக்குச் செரி அம்முணி. கடலுக்குப் பத்தாது."

என் கண் முன்னால் எங்கள் வீதி வந்து நின்றது. காய்கறிக்காரி, டெம்போக்காரர், யூனிட்டுப் பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்று, "கப்பல் எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் ரூம்புக்காரர். கையில் மஞ்சப்பை, தலையெல்லாம் ரயில் காற்றில் கலைந்து கிடந்தது. வரச்சொல்லி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பெரியக்கா, பொட்டியை எடுங்க. ரூம்பு மாத்தறோம். திருவல்லிக்கேணிக்கு."

"அதுக்குப் போறதே பயணந்தானப்பா. அதுவும் கெழக்கத்தாம்போல இருக்குது."

"இதென்னங்க பயணம்? அடுப்படியில இருந்து வாசப்பக்கத்து ஆசாரத்துக்குப் போறாப்பல. ஊருக்குள்ள ரூம்பு மாத்தறதுக்குச் சூலம் உண்டுங்களா?"

நங்கை சப்பணத்தைப் பிரித்துக் காலைக் கீழே விட்டார்.

"செரி. ஆனாப் பொட்டியை வெச்சு எடுத்தாத் தங்குனதாகாது. தலையைச் சாய்ச்சாத்தான் தங்குனது."

"அதுக்குத்தானுங்க நா இருக்கறேன்."

ஆட்டோக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா சார், ஹார்பரு இந்தாண்ட கீது. நீ அந்தாண்ட போவச் சொல்றே. கப்பலு உனக்காவ வெயிட் பண்ணுமா?"

"அது பண்ணாதுங்க. நீங்க கொஞ்சம் அமுத்துங்க."

திருவல்லிக்கேணியில் அதே வீதியில் வேறொரு ஓட்டலில் ரூம் கிடைத்தது. நங்கை செருப்பைக் கழற்றிக் கட்டில் பக்கம் போனார். ரூம்புக்காரர் குறுக்கே கை நீட்டித் தடுத்தார். தலையணை உறையைத் திருப்பினார். "மூலையில தையல் உட்டிருக்குது. ரிஜெக்ட். வேற ரூம்பு காட்டுங்க."

"ஐயோ, கப்பல் போயிருமுங்க!" என்று நான் கத்தியே விட்டேன்.

"போனாப் போகுதுங்க. தையல் உட்ட தலகாணியில பெரியக்காளைப் படுக்கச் சொல்ற ஆளு நானில்லை."

அடுத்த ரூமின் தலையணை தேறியது. நங்கை படுத்தார். தலையைச் சாய்த்தார். பாவம், முந்தின ராத்திரி புது இடத்தில் பொட்டுத் தூக்கம் இல்லை அவருக்கு. சாய்த்த தலை சாய்த்தபடி இருக்க, குறட்டை கிளம்பிவிட்டது.

"எழுப்புங்க!" என்றேன்.

"நாமளா எழுப்புனாத் தங்குனதாகுமுங்களா? நாளைக்கு நடுக்கடல்ல ஒரு அலை அடிச்சா, 'முழுசாத் தங்கலை, அதான்'னு சொல்லுவாங்க. தானா எந்திரிக்கோணும்." சொல்லிவிட்டு வராந்தாவில் நின்று கையைப் பிசைந்தார். அந்த மனிதருக்கும் நெற்றியில் வேர்த்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். திடீரென்று கேட்டார். "பெரியக்காளுக்குக் காப்பிங்களா, டீயுங்களா?"

"காப்பிதானுங்க. எந்தத் தூக்கத்துலயும் அதுக்கு மட்டும் எந்திரிச்சிருவாங்க."

மாடிப்படியில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினார். டம்ளர் தளும்ப ஒரு காப்பியோடு வந்தார். கதவைத் திறந்து, நங்கையின் மூக்குக்கு நேரே ஸ்டூலில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து வந்தார். குறட்டை நின்றது. மூக்கு அசைந்தது. நங்கை கண்ணைத் திறந்து, "ஆரு காப்பி போட்டது? நல்ல டிக்காசன்" என்று எழுந்து உட்கார்ந்தார்.

அப்புறம் பீச் ரோட்டில் வடக்கே பார்த்துப் பறந்தோம். வலது பக்கம் திடீரென்று கடல். நங்கை ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எத்தாப் பெருசு" என்றார்.

கப்பல் கேட்டில் கடைசிச் சனங்களாக நாங்கள்தான் நின்றோம். அதற்கு மேல் ரூம்புக்காரரை விடமாட்டார்கள். பெட்டிகளை எடுத்துக் கொடுத்தார். எத்தனையோ பேரைக் கப்பலுக்கு அனுப்பிய மனிதர், கழுத்தை எக்கி உள்ளே எட்டிப் பார்த்ததைக் கண்டு நான் கேட்டேன். "ஏனுங்க, நீங்க கப்பல்ல போனதே இல்லீங்களா?"

"நா போனா, எனக்கு ஆருங்க ரூம்பு பாக்கறது?" என்று சிரித்தார்.

வரிசையில் போய்க்கொண்டிருந்த நங்கை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் என் காதில் சொன்னார்: "என்னையக் கட்டிக் குடுத்து அனுப்பறப்ப எங்கப்பன் இப்பிடித்தான் நின்னான் அம்முணி. போகச் சொல்லவும் மாட்டாம, நிக்கச் சொல்லவும் மாட்டாம."

கப்பல் நகர்ந்தபோது நாங்கள் மேல்தளத்தில் நின்றோம். கரையில் கட்டடங்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன. எதற்குப் பக்கத்தில் அவர் நிற்கிறார், இல்லை வெள்ளிக்கிழமை ரூம் பார்க்கக் கிளம்பிவிட்டாரா என்று தெரியவில்லை. அதனால் நானும் நங்கையும் அந்த மொத்தப் பட்டணத்தையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டோம்.