ரிவ்யூ மாமா வாங்கிய மூணு கண்ணு போன்

உலகத்தில் எவன் வேண்டுமானாலும் செல்போன் தயாரிக்கட்டும். அது தேறுமா தேறாதா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் தினமும் காலையில் சிதம்பரத்தில் பாசஞ்சர் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி ஏதோ ஓர் அரசாங்க ஆபீசுக்கு நடந்து போவார். சீசன் டிக்கெட்டில் அவர் பெயர் என்னவென்று போட்டிருந்ததோ, எங்கள் பெட்டியில் அவர் பெயர் ரிவ்யூ. அவரை விடச் சின்னவர்களான நாங்கள் ரிவ்யூ மாமா என்போம். பதிலுக்கு எங்கள் எல்லோரையும் அவர் மச்சான் ஆக்கிவிட்டார்.

நான் கடலூரில் ஒரு விதைக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். அவருக்கு எதிர் சீட்டு என்னுடையது. வண்டி நகர்ந்ததும் மாமா செல்போன் விமர்சன வீடியோ ஒன்றைப் போடுவார். அதில் யாரோ ஒருவர் புதுப் போனின் பெட்டியைப் பிரிப்பார். பிரித்து முடிக்கும்வரை மாமா மூச்சு விடமாட்டார். கிள்ளை தாண்டியதும் சிக்னல் போய்விடும். மீதி விமர்சனத்தை அவரே எங்களுக்குச் சொல்லி முடிப்பார்.

இத்தனைக்கும் அவர் கையில் இருந்தது ஒரு பழைய போன். கண்ணாடி நொறுங்கிப்போய் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கும். யாராவது கூப்பிட்டால் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டினால்தான் குரல் கேட்கும்.

"ஏன் மாமா, உடைஞ்ச கண்ணாடியில பாத்துட்டு டிஸ்ப்ளே பிரமாதம்ங்கிறீங்களே, அது எப்படி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இதுலயே இவ்ளோ பளிச்சுன்னு தெரியுதுன்னா நேர்ல எப்படி இருக்கும்? யோசிங்க மச்சான்."

ஆலப்பாக்கம் வரை யோசித்தேன்.

யார் எந்தப் போட்டோவைக் காட்டினாலும் அதில் ஒரு குறை சொல்லாமல் விடமாட்டார். பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர் பிறந்த குழந்தையின் படத்தை ஆசை ஆசையாய்க் காட்டினார். மாமா அதை விரல்களால் இழுத்துப் பெரிதாக்கி, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொழந்த லட்சணமாத்தான் இருக்குது. நெத்தியில மட்டும் நாய்ஸ் ஜாஸ்தி" என்றார். வெளிச்சம் போதாமல் எடுத்தால் படத்தில் விழும் புள்ளிகளுக்கு அப்படிப் பெயராம். அந்த அப்பா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அவரை வாயடைக்க வைத்தது ஒரே ஒருவர்தான். பண்ருட்டி பலாப்பழ வியாபாரி. சிதம்பரத்தில் கடைக்காரர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர், இவர் புகழ் கேள்விப்பட்டு யோசனை கேட்க வந்தார். மாமா கண்ணாடி, பேட்டரி, பிராசசர் என்று மூச்சு வாங்க விளக்கினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு வியாபாரி கையை நீட்டினார்.

"சார், இது சொள எடுக்கற கையி. பலாப் பிசினு ஒட்டியிருந்தா டச்சு வேல செய்யுமா?"

எந்த வீடியோவிலும் எவரும் பலாப் பிசினைப் பற்றிப் பேசியிருக்கவில்லை. மாமா ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தார். ஒரு வாரம் முகமே சரியில்லை. பிறகு ஒருநாள் பிரகாசமாக வந்து, "தேங்கா எண்ணெய் தடவிக்கிட்டா செய்யுது மச்சான். வீட்ல பழம் வாங்கி உரிச்சிப் பாத்துட்டேன்" என்றார். வியாபாரியைத்தான் அதற்கப்புறம் காணோம்.

இவ்வளவு தெரிந்தவர் ஏன் ஒரு போன் வாங்கவில்லை, வாங்கப்போவதாக இருந்தால் ஏன் இத்தனை ஆராய்ச்சி என்பது அவர் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. சிதம்பரத்தில் கீழ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீடு. காபி கொடுத்துவிட்டு அக்கா, அதாவது அவர் மனைவி, சுவரைக் காட்டினார். சாமி படம் இருந்தது. மகள் பட்டம் வாங்கிய படம் இருந்தது.

"எங்க கல்யாண போட்டோ எங்கன்னு கேளு தம்பி."

மாமா நியூஸ் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"கம்மாபுரத்துலேந்து ஒரு போட்டோக்காரர இவுருதான் கூட்டியாந்தாரு. எங்கப்பா வேற ஆளப் பாக்கலாம்னாரு. இல்ல, நம்ம ஃப்ரெண்டு, நல்லா எடுப்பாருன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. அவுரும் நாள் பூரா பளிச்சு பளிச்சுன்னு எடுத்தாரு. நானும் சிரி சிரின்னு சிரிச்சேன். கடைசியில பாத்தா கேமராவுக்குள்ள ஃபிலிம் ரோலு சுத்தவே இல்லியாம். ஒரு படம் கெடையாது. அன்னிலேந்து இவுரு உப்பு வாங்கறதுன்னாலும் நாலு பேர விசாரிக்காம வாங்கறதில்ல."

"பழச ஏன் கெளர்ற?" என்றது பேப்பர்.

தெருமுனை வரை என்னை வழியனுப்ப வந்தபோது மாமா மெதுவாகச் சொன்னார். "பொண்ணுக்கு இந்த வருஷம் கல்யாணம் முடிஞ்சிடும் மச்சான். தாலி கட்டற நேரத்த நானே எடுக்கணும். ஒரே ஒரு படம். ஆனா ஒரு குற சொல்ல முடியாத படம். அத எடுத்துக் கொண்டாந்து உங்கக்கா கையில குடுக்கணும்."

அன்றிலிருந்து அவரைக் கிண்டல் செய்யும்போது எனக்குக் கொஞ்சம் குரல் இறங்கியது. நிறுத்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் அடுத்த மாதங்களின் கதையைச் சொல்வார்கள். மாமா ஆபீஸ் விட்டு நேராகக் கடைக்குப் போவார். சீலிங் ஃபேனை ஒரு படம் எடுப்பார். சேல்ஸ்மேனின் மூக்கை ஒரு படம். வாசலுக்குப் போய் எதிர்க்கடை போர்டை ஒரு படம். பிறகு எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்ப்பார். ஒரு கடையில் இவர் தலையைக் கண்டதும் சேல்ஸ்மேன் குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். கிட்டத்தட்ட முடிவு செய்யும் நேரத்தில் ஏதாவது ஒரு கம்பெனி புது மாடல் விடப்போவதாகச் செய்தி வரும். "அவசரப்பட்டுட இருந்தேன் மச்சான்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்.

கல்யாணத் தேதி குறித்த பிறகுதான் வேறு வழியில்லாமல் வாங்கினார். இருப்பதிலேயே உசத்தியான ஆண்ட்ராய்டு போன். விலையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதை அவர் இன்னும் அக்காவிடமே சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் பெட்டியே எழுந்து நின்று வரவேற்றது. மாமா எல்லோரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். பார்த்தால், நாங்கள் அத்தனை பேரும் ஆரஞ்சுப் பழ ஜூஸில் மூழ்கிக் கிடந்தோம்.

"என்ன மாமா இது, செவசெவன்னு?"

"வார்ம் டோன்" என்றார், கொஞ்சம் தயங்கி.

நான் போனை வாங்கித் திருப்பினேன். பின்பக்கம் வரிசையாக மூன்று லென்ஸ். ஒவ்வொன்றின் மேலும் வட்டமாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். புது வண்டி, புது ஃபிரிட்ஜ், புது மிக்ஸி எது வந்தாலும் நம் வீடுகளில் பொட்டு வைக்காமல் விடுவதுண்டா? மூணு கண்ணு மாதிரி இருக்கிறதே என்று அக்கா மூன்றுக்கும் வைத்துவிட்டார்.

"தொடச்சிட வேண்டியதுதானே?"

"வெள்ளிக்கெழம பொட்ட அழிக்கச் சொல்றீங்களா? உங்கக்கா காதுல விழுந்தா நான் இந்த ரயில்லயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்."

சனிக்கிழமை மெல்லிசான பஞ்சுத் துணியால், கண்ணில் விழுந்த தூசியை எடுக்கிற பதத்தில் துடைத்தார். அதற்கப்புறம் அந்தப் போனின் வாழ்க்கை ஆரம்பித்தது. கண்ணாடி மேல் ஒரு கண்ணாடி, முதுகுக்கு ஓர் உறை, உறைக்கு ஒரு பை, பைக்குமேல் கைக்குட்டை. யாராவது கூப்பிட்டால் மாமா இதையெல்லாம் பிரித்து எடுப்பதற்குள் மணி நின்றுவிடும். உடனே பையிலிருந்து பழைய போனை எடுத்து, ரெண்டு தட்டுத் தட்டி, "கூப்டீங்களா?" என்று பேசுவார்.

எங்கள் கோஷ்டி ஒரு ஞாயிறு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனது. மீன் வறுவல் தின்றுகொண்டே நான் கேட்டேன்.

"தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆவாதாமே மாமா?"

"ஒண்ணும் ஆவாது."

"எங்க, போடுங்க பாப்போம்."

"போடறதுக்கா வாங்குனேன்?" என்றவர் அலையிலிருந்து இன்னும் நாலடி தள்ளி உட்கார்ந்துகொண்டார். திரும்பும்போது தூறல் போட்டது. குடையைப் போனுக்குப் பிடித்துக்கொண்டு அவர் நனைந்தபடி வந்தார்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் மூன்றாவது லென்ஸ், தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் ஜூம் லென்ஸ், சாதாரணமானதல்ல. வீதிக்கோடியில் நின்று கோபுரத்தை எடுத்துக் காட்டினார். உச்சியில் இருந்த பொம்மையின் கைவிரல்களை எண்ண முடிந்தது.

கல்யாணப் பத்திரிகை கொடுத்தபோது எங்கள் பெட்டியில் பாதிப்பேர் "யாரு வீட்டுக் கல்யாணம் இது?" என்று அவரிடமே கேட்டார்கள். பெண்ணின் தகப்பனார் பெயர் எங்களுக்குப் புதிது. அந்த வாரத்தில்தான் அவருக்கு இடி விழுந்தது. ஐயர் வந்து சடங்குகளை விளக்கியபோது, தாரை வார்த்துக் கொடுக்கும் தகப்பன் தாலி கட்டும் நேரத்தில் மணவறையில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அத்தனை வீடியோ பார்த்தவர் இதை மட்டும் யோசிக்கவேயில்லை.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு போட்டோகிராபரை ஏற்பாடு செய்திருந்தார்கள். "ஆளு கெட்டிக்காரர்தான், விடுங்க மாமா" என்றோம்.

"கம்மாபுரத்துக்காரரும் கெட்டிக்காரர்தான்" என்றவர், என்னைப் பார்த்தார். "நீங்கதான் எடுக்கணும் மச்சான்."

ரயிலில் பயிற்சி நடந்தது. எப்படிப் பிடிப்பது, எப்போது அழுத்துவது, அழுத்தும்போது மூச்சை எங்கே நிறுத்துவது. என் மனைவிக்குப் பிரசவ வலி வந்தபோதுகூட நான் அவ்வளவு சாமி கும்பிட்டதில்லை.

முகூர்த்தத்தன்று மண்டபத்தில் அக்கா போனை என் கையில் கொண்டுவந்து கொடுத்தார். நான் நேராகப் போய் மண்டபத்தின் நடுவில் நாற்காலி மேல் ஏறி நின்றேன். "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்று குரல் வந்தது. போனைத் தூக்கிப் படபடவென்று அழுத்தினேன். திரை முழுக்க ஒரே செக்கச் சிவப்பு.

திருப்பிப் பார்த்தேன். நல்ல நாள் அல்லவா? சீர்வரிசைப் பாத்திரம், பெட்டி, பீரோ எல்லாவற்றுக்கும் வைத்த கையோடு அக்கா போனுக்கும் புதுசாகப் பொட்டு வைத்திருந்தார்! ஈரச் சந்தனம். வேட்டி நுனியால் துடைத்தேன். அது இன்னும் நன்றாகப் பரவியது. பஞ்சுத் துணி மாமாவின் சட்டைப் பையில் இருக்கும். மாமாவோ சட்டையில்லாமல் மணவறையில் நிற்கிறார்.

நான் தூக்கிய போனின் முதுகையும் என் முகத்தையும் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மேளச் சத்தத்துக்கு மேலே கத்தினார். "மூணாவது! மூணாவது லென்சு! ஜூமு!"

ஐயர், மாப்பிள்ளை, நாதஸ்வரக்காரர் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜூமை அழுத்தினேன். சிவப்பு விலகிப் பளிச்சென்று தெரிந்தது. அந்த லென்ஸில் பொட்டே இல்லை. ஆனால் அதற்குள் சொந்தக்காரர்கள் எல்லோரும் அட்சதையும் கையுமாக எழுந்து, மறு கையில் ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். பெண்ணையும் காணோம், மாப்பிள்ளையையும் காணோம். இரண்டு தலைகளுக்கு நடுவில் ஒரே ஓர் இடுக்கு இருந்தது. அதில் என்ன தெரிந்ததோ அதை எடுத்தேன்.

பந்தி முடிந்ததும் மாமா போனை வாங்கிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கினார். நான் பின்னாலேயே போனேன். தாலி கட்டுகிற படத்தைப் போட்டோகிராபர் அருமையாக எடுத்திருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. ஒவ்வொன்றாகத் தள்ளினார். சிவப்பு. சிவப்பு. சிவப்பு. கடைசிப் படத்தில் விரல் நின்றது.

மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்ற அவரும் அக்காவும். பட்டுப்புடவையும் மாலையுமாக அக்கா. கண்ணில் தண்ணீரோடு இவர். அக்கா இவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். அட்சதை அவர்கள் தலைமேலும் விழுந்துகொண்டிருந்தது.

அக்கா வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"மூணாவதுக்குப் பொட்டு வெக்கறதுக்குள்ள சம்பந்தி வீட்டுக்காரங்க கூப்ட்டுட்டாங்க" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "நம்ம ரெண்டு பேரும்தானா இது?" என்றார்.

படம் சாய்ந்திருந்தது. ஒரு மூலையில் யாரோ ஒருவருடைய முழங்கை. நெற்றியில் நாய்ஸ். நான் தீர்ப்புக்காகக் காத்திருந்தேன்.

"நல்லா இருக்கு மச்சான்" என்றார் ரிவ்யூ.

அந்தப் படம் பெரிதாகி, சட்டம் போட்டு, இப்போது அக்கா காட்டிய சுவரில் இருக்கிறது. மற்ற இரண்டு லென்ஸில் இருந்த பொட்டை மாமா இன்றுவரை அழிக்கவில்லை. அழிக்க மனசு வரலையாம். அதனால் அவர் எதை எடுப்பதானாலும் ஜூமில்தான் எடுக்க வேண்டும். பேரனைப் படம் எடுக்கத் தெருவின் அந்தக் கோடிக்குப் போகிறார்.

போன வருஷம் ரிட்டையர் ஆகிவிட்டார். ஆனாலும் சில காலைகளில் சிதம்பரம் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். எங்களை ஜன்னல்களில் வரிசையாகத் தலைநீட்டச் சொல்லிவிட்டு, பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்துபோய், உறை, பை, கைக்குட்டை எல்லாவற்றையும் பிரிப்பார். வண்டி கிளம்பிவிடும். எடுத்துவிட்டாரா இல்லையா என்று அவ்வளவு தூரத்தில் எங்களுக்குத் தெரியாது. அதனால் அவர் கண்ணுக்குத் தெரிகிறவரை நாங்கள் யாரும் தலையை உள்ளே இழுப்பதில்லை, சிரிப்பதையும் நிறுத்துவதில்லை.