கரண்ட் டான்ஸும் என் கல்யாணமும்

யாராவது ஒன்றைத் தப்பான பெயரில் சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. குருமாவைக் குழம்பு என்று சொன்னவரோடு பந்தியிலேயே சண்டை போட்டிருக்கிறேன். இந்த வியாதி எண்பதுகளின் நடுவில் என் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தது.

பிரேக் டான்ஸ் பைத்தியம் திருத்தணிக்கும் வந்து சேர்ந்திருந்த நேரம். சென்னையில் ஒரு வீடியோ கடையில் அந்த ஆட்டத்தின் கேசட்டை ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். (அதுவும் பாதியில் டேப் சிக்கிக்கொண்டது.) அந்தத் தகுதியில், இந்த வட்டாரத்தில் அதற்கு நான்தான் அதாரிட்டி என்று நினைப்பு.

மாப்பிள்ளை அழைப்பு. வாடகைக் கோட்டு, கனத்த மாலை, பூ ஜோடித்த காரில் நான். முன்னால் பேண்டு வாத்தியம், அதற்கும் முன்னால் கையை நெளித்து நெளித்து ஆடும் என் நண்பர்கள். காரை ஒட்டி நடந்து வந்தான் பெண்ணின் தம்பி. அரக்கோணத்தில் ரயில்வே வேலை.

"கரண்ட் டான்ஸ் ஷோக்கா ஆடறாங்க பாவா."

"அது கரண்ட் டான்ஸ் இல்ல மச்சான். கையை நெளிச்சா பாப்பிங். முதுகு தரையில பட்டுச் சுத்தினாதான் பிரேக் டான்ஸ்."

"பிரேக் போட்டா வண்டி நிக்கணும் பாவா. இதுல யாரு நின்னுகினு கீறாங்க? ஷாக் அடிச்ச மாதிரி ஆடினா கரண்ட் டான்ஸ்தான்."

திருப்பதி பஸ்ஸுக்கு வழிவிடக் கார் நின்றது. நான் இறங்கிவிட்டேன். அவனைக் காரின் பின்பக்கம் இழுத்துப் போய், மாலையை அவன் கையில் கொடுத்துவிட்டு, தார் ரோட்டில் மல்லாந்து சுற்றிக் காட்டினேன். அரைச் சுற்றுதான் வந்தது. இடுப்பில் களுக்கென்றது, எழுந்திருக்க முடியவில்லை. பஸ் போனதும் டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரை எடுத்துவிட்டார். பேண்டும் போய்விட்டது.

மண்டப வாசலில் என் மாமியார் ஆரத்தித் தட்டோடு காலி சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். கொஞ்ச நேரம் கழித்து மச்சான் தோளில் தொங்கியபடி, பாதியாக மடிந்து நான் வந்து சேர்ந்தேன். மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இடுப்புக் கோளாறை மறைச்சி எம் பொண்ணைக் கட்டிக்கப் பாக்கறீங்களா? இந்தக் கல்யாணம் வேணாங்க."

டான்ஸ் ஆடிப் பிடித்துக்கொண்டது என்று என் வீட்டார் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண் வீட்டு ஆள் யாராவது கண்ணால் பார்த்ததாகச் சொல்ல வேண்டும். பார்த்தவன் மச்சான் ஒருவன்தான். அவனைக் கெஞ்சலாகப் பார்த்தேன். அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அவன் என் காதருகே குனிந்தான். "சொல்றேன் பாவா. நீங்க ஆடினது இன்னா டான்ஸு?"

"பிரேக்..." என்று ஆரம்பித்தேன். அவன் பந்தி நடக்கிற பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

"கரண்ட் டான்ஸ்" என்று மண்டபமே கேட்கக் கத்தினேன்.

திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னான். "நைனா, பாவா இடுப்பு நல்லாத்தான் இருந்துச்சு. ரோட்ல கரண்ட் டான்ஸ் ஆடிப் புடிச்சிகினாரு. நான் பாத்தேன்."

உள்ளறைக் கதவோரம் நின்றிருந்த மணப்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "காலைல தாலி கட்டக் குனியவாச்சும் முடியுமாங்க?"

முடியவில்லை. அவள்தான் முட்டி போட்டு எழும்பிக் கழுத்தை நீட்டினாள். ஆல்பத்தில் பார்த்தால் அவள் எனக்குத் தாலி கட்ட வருவது போலவே இருக்கும்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும் அதற்குப் பெயர் கரண்ட் டான்ஸ். தைலம் தேய்க்கிறவர்கள்கூட "எந்தப் பக்கம் கரண்ட் டான்ஸு?" என்றுதான் கேட்பார்கள். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், நான் வளைந்து நடப்பதைப் பார்த்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள்.

"ஒண்ணுமில்லீங்க, சின்ன வயசுல கரண்ட் டான்ஸ் ஆடினாரு" என்றாள் என் மனைவி.

பிரேக் டான்ஸ் என்று திருத்த வாயைத் திறந்தேன். மகள் என்னைப் பார்த்தாள்.

"ஆங், கரண்ட் டான்ஸ்தாங்க" என்றேன்.