முனுசாமியின் பல்லும் எட்டு மூட்டை மல்லாட்டையும்

அன்றைக்கு மண்டியில் இருந்தவர்கள் ஆறு பேர். மண்டி முதலாளி, மூட்டை தூக்கும் மாரிமுத்து அண்ணன், வேர்க்கடலை (எங்கள் பக்கம் மல்லாட்டை) வாங்க வந்திருந்த மேல்சித்தாமூர் நயினார், விற்க வந்திருந்த முனுசாமி, ராயப்பன். ஆறாவது ஆள் நான். வயது இருபத்தொன்று. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்.

கவலைப்படுவதற்குப் பரீட்சை வைத்திருந்தால் ஜில்லாவிலேயே முதலாவதாக வந்திருப்பேன். வேலையில் சேர்ந்த அன்றே எப்போது துரத்துவார்கள் என்று யோசிக்கத் தொடங்குகிற ஆள். (காரணம் இருந்தது. அதற்கு முன்னால் மூன்று கடைகளில் துரத்தியிருந்தார்கள். மூன்றிலும் ஒரே குற்றம்: வேலை நேரத்தில் படம் போட்டது.) அப்பா (எங்கள் வீட்டில் நைனா) நாலு நாள் முதலாளி வீட்டு வாசலில் நின்று இந்த நாலாவது வேலையை வாங்கித் தந்தார்.

"இங்கியும் எதனா கிறுக்கினேன்னு காதுல வுழுந்துது, வூட்டுப் பக்கமே வராத," என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அப்படிப்பட்டவனுக்கு மண்டியில் என்ன வேலை கொடுத்தார்கள்? கையில் மசிச் சட்டியையும் துணி சுற்றிய குச்சியையும் கொடுத்து, மூட்டைக்குக் குறி போடச் சொன்னார்கள். குடிகாரனைக் கள்ளுக்கடைக்குக் காவல் வைத்த கதைதான்.

ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு குறி. ஒருவருக்கு வட்டம், இன்னொருவருக்குப் பெருக்கல். மாரிமுத்து அண்ணன் எடை போட்ட மூட்டையை முற்றத்தில் வைத்துவிட்டு அடுத்ததற்குத் திரும்பி வர, நான் இருபது எண்ணுகிற நேரம் ஆகும். நாள் முழுக்க எனக்குச் சொந்தமாக இருந்தது அந்த இருபதுதான். அதற்குள் மூட்டையின் அடிப்பக்கத்தில் அதன் சொந்தக்காரர் முகத்தைப் போட்டுவிடுவேன். ஆள்தான் எதிரிலேயே நிற்கிறாரே. அடுக்கும்போது அடிப்பக்கம் சுவரைப் பார்த்துப் போய்விடும். செக்கில் கொட்டிய பிறகு சாக்கை யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்? இந்தக் கணக்கில் ஏழு மாதம் ஓடியது.

அன்று மத்தியானம் ராஜகிரி மலைக்குப் பின்னால் மேகம் கறுத்தது. முற்றத்தில் கிடந்த பதினாறு மூட்டைகளையும் அவசரமாக உள்ளே இழுத்துப் போட்டோம். முனுசாமியுடையது எட்டு, ராயப்பனுடையது எட்டு. எது யாருடையது? பழைய சாக்குகள். போன வருஷத்து வட்டம், அதற்கு முந்தின வருஷத்துப் பெருக்கல் என்று எல்லாச் சாக்கிலும் எல்லாக் குறியும் இருந்தது.

"நீ போட்ட குறி எதுடா?" என்றார் முதலாளி.

அடியைப் புரட்டினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். புரட்டினால் என் வேலையும் ஒரு நிமிஷத்தில் போய்விடும். பக்கத்து மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன்.

அதற்குள் முனுசாமி ஒரு மூட்டையை இந்தப் பக்கம் இழுக்க, ராயப்பன் அந்தப் பக்கம் இழுக்க, அது குப்புறப் புரண்டது. சாக்கின் அடியிலிருந்து ஒரு முகம் எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. முகம் என்றா சொன்னேன்? முக்கால் பங்கு பல்.

"யார்ரா போட்டது?" என்றார் முதலாளி.

குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். (போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. பின்பக்கம் முழுக்க மசி.)

"அட, நம்ப முனுசாமி!" என்றார் மாரிமுத்து அண்ணன்.

"த்தூ! நானா? என் பல்லு இன்னா மண்ணு வெட்ற மம்முட்டியா?" என்று முனுசாமி எகிறினார்.

நயினார் அந்த மூட்டையிலிருந்து நாலு மல்லாட்டையை எடுத்துக் காதோரம் குலுக்கினார். கலகலவென்றது. மற்ற மூட்டைகளையும் புரட்டச் சொன்னார். எட்டில் பல், எட்டில் மீசை. மீசை மூட்டையில் குலுக்கினால் சத்தமே இல்லை. ஈரம்.

"பல்லுக்காரன் சரக்கு நல்லா காஞ்சிருக்குது. மூட்டைக்கு ரெண்டு ரூபா சேத்தே தரேன். யாருது?"

"என்துதான்!" என்றார் ராயப்பன், மீசையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இருக்கிற பல்லையெல்லாம் முன்னால் தள்ளி.

முனுசாமி பதறிவிட்டார். "யோவ், அது என் பல்லு! சாமி சத்தியமா என் பல்லு! பொறந்ததுலேர்ந்து இப்டித்தான் இருக்குது, ஊர்ல யார வேணா கேளு!"

"கைய எடுய்யா ராயப்பா," என்றார் முதலாளி. பிறகு இருவரையும் நிற்க வைத்து ஈ என்று பல்லைக் காட்டச் சொன்னார். பெண் பார்ப்பதுபோல நயினார் குனிந்து குனிந்து பார்த்தார். படத்தைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். கடைசியில் முனுசாமியின் தோளைத் தட்டினார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். நைனாவின் முகம் கண்ணுக்குள் வந்து போனது.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"ஏழு மாசமா மொதலாளி."

"மண்டி வேலய எப்படா பாத்த?"

"மாரிமுத்து அண்ணன் மூட்டய வெச்சிட்டுத் திரும்புறதுக்குள்ள போட்டுடுவேன் மொதலாளி."

முதலாளி பல்லையும் மீசையையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளையிலேர்ந்து அடியில போடாத. எல்லாருக்கும் தெரியறாப்பல எதிர்ல போடு." பிறகு மாரிமுத்து அண்ணனிடம், "நீ கொஞ்சம் மெதுவாவே நட. பையன் போட்டு முடிக்கட்டும்," என்றார்.

இருபது, அறுபது ஆனது! சம்பளத்தோடு படம் போட நேரம்! மசி முதுகோடு நடு ரோட்டில் ஊர்வலம் மாதிரி நடந்து வீட்டுக்குப் போனேன். நைனா சட்டையைப் பார்த்துவிட்டுக் கையை ஓங்கினார். விஷயத்தைக் கேட்டதும் ஓங்கிய கையாலேயே தலையைத் தடவிக்கொண்டார். (என் தலையை அல்ல, அவர் தலையை.)

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் போட்டோ எடுக்க நிற்கும்போது யாராவது ஒருவர் கத்துவார்: "எல்லாரும் பல்லக் காட்டுங்கப்பா, மூட்ட மாறிடப் போவுது!" பேரப்பிள்ளைகள்கூடக் காட்டுகிறார்கள்.

அடுத்த வாரம் முனுசாமி தனியாக வந்து, வாயை மூடினாற்போல ஒரு படம் தாளில் கேட்டார். இரண்டு ரூபாய் என்று பேச்சு. போட்டுக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தார். "வூட்ல யாருன்னு கேக்கறாங்கப்பா. பல்லோடவே ஒண்ணு போடு, ரெண்டுக்கும் சேத்துத் தரேன்," என்றார். அதையும் போட்டேன். இரண்டையும் சுருட்டிக்கொண்டு அவலூர்பேட்டை பஸ் ஏறியவர்தான்.

பாக்கி நாலு ரூபாய்.